ஏழாம் நம்பர் கூண்டின் கார்டு

"அந்த நாய்க் காப்பகத்துல ஒரு பொம்பளை இருக்காளாம். நாய் வேணும்னு போறவங்களை உட்கார வெச்சு, பொண்ணு கேட்டு வந்தவங்க மாதிரி குடைஞ்சு எடுப்பாளாம். வீட்டுல எத்தனை பேரு, யாருக்கு என்ன வியாதி, மாடிப்படி மொத்தம் எத்தனைன்னு. எல்லாம் கேட்டுட்டுக் கடைசியில நாயைத் தர மாட்டாளாம். நல்ல நாயை எல்லாம் தனக்கே வெச்சுக்கறாளாம்."

கணவர் இதை சலூனிலிருந்து கொண்டுவந்தார். சலூன்காரருக்கு இதைச் சொன்னது ஒரு வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளருக்கு அவருடைய மச்சினன். மச்சினனுக்கு யார் சொன்னது என்பதற்குள் ஷேவிங் முடிந்துவிட்டதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.

"என்னத்தைச் சொல்ல? கழுத்துல கத்தி வெச்சிருக்கான். அந்தப் பொம்பளைகூடத்தான் முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன்னு சொல்ற நேரமா அது?"

அவள் சிரிக்கவில்லை. "மாடிப்படி கேட்கறது மூணு கால் நாய்க்கும் வயசான நாய்க்கும். அதைத் தெரிஞ்சுக்காம பேசறாங்க" என்றாள். ஆனால் அவளைக் குத்தியது மாடிப்படி இல்லை. தனக்கே வைத்துக்கொள்கிறாளாம் என்றது. அவள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு பூனை முடி வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் கணவருக்கு எட்டுத் தும்மல், கணக்குப் பிசகாமல் எட்டு. அதனால்தான் ஆறு வருடமாக அவள் காப்பகத்திலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்திலேயே உடை மாற்றி, போட்டிருந்ததை வாளியில் முக்கிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருகிறாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட இத்தனை கழுவ மாட்டார் என்பது கணவரின் கட்சி.

காப்பகத்தில் அவளுக்குக் கார்டு அக்கா என்று பெயர்.

ஒவ்வொரு கூண்டின் கதவிலும் ஒரு கார்டு தொங்கும். உள்ளே இருக்கிற பிராணியைப் பற்றி மூன்று வரி. அதை எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்ட ஈடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்க்கிற மேஜையில் உட்கார்ந்தவள். யார் எதை மறைக்கிறார்கள், எந்த வரி பிறகு சேர்த்தது, எந்தக் கையெழுத்து நடுங்குகிறது என்பதெல்லாம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்த உடனே தெரிந்துவிடும். அவள் முதல்முறை காப்பகத்துக்கு வந்தபோது கார்டுகளில் எல்லாம் 'அன்பானவள்', 'விளையாட்டுப் பிள்ளை', 'உங்கள் வீட்டின் ஒளி' என்று எழுதியிருந்தது. ஒளி என்று எழுதி அனுப்பிய பூனை, திரைச்சீலையைக் கிழித்துவிட்டு நான்காம் நாள் கூடையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பத்துப் பிராணி போனால் நாலு திரும்பும்.

"இது மோசடி" என்றாள் அவள் வந்த அன்றே. "கிழிப்பான்னு முதல் வரியில எழுதுங்க. கிழிச்சா என்ன பண்ணணும்னு ரெண்டாவது வரியில எழுதுங்க. நல்லதை மூணாவது வரியில எழுதுங்க. குறையைப் படிச்சும் மூணாவது வரி வரைக்கும் யார் வராங்களோ அவங்கதான் வெச்சுக்குவாங்க."

அப்படியே ஆயிற்று. பத்துக்கு நாலு என்பது பத்துக்கு ஒன்று ஆனது. அதிலிருந்து அவள் வைத்ததுதான் சட்டம்.

காப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் டிப்போவின் பின்னால் மூடிக்கிடந்த ஒரு பழைய சலவை ஆலை. தரை முழுக்கச் சாய்வாகத் தண்ணீர் ஓட வாய்க்கால் இருந்ததால், கூண்டு கழுவ அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இருபத்திரண்டு கூண்டு, ஒரு ஆபீஸ் அறை, ஒரு பாத்ரூம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அவரவர் வேலை முடித்து முறை வைத்து வருகிறார்கள். தலைமை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டிரில் டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அந்தம்மாவை யாரும் பார்த்ததில்லை. நாய்கள் விசிலுக்கு அசையாது. மனிதர்கள்தான் ஓடுவார்கள்.

பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டு முடித்துவிடும் இடங்கள் உண்டு. இங்கே அது கிடையாது. இங்கே வந்த உயிர் ஒன்று ஒரு வீட்டுக்குப் போகும், இல்லையென்றால் தன் வயதில் தானாகப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அர்த்தம், ஒன்று வெளியே போகாமல் இன்னொன்று உள்ளே வர முடியாது என்பது. கூண்டு இருபத்திரண்டுதான்.

ஏழாம் நம்பர் கூண்டில் இருந்தவன் பெயர் மேனேஜர். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். துணி காயப்போடுகிற கயிற்றால் யாரோ காப்பகத்து கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கார்டு அக்கா முதன்முதலில் வேலைக்கு வந்த அதே வாரம். காலையில் கூண்டு கழுவ வெளியே விட்டால் மற்றவை எல்லாம் முற்றத்தில் உருளும், புரளும். இவன் மட்டும் நேராக ஆபீஸ் அறை வாசலுக்குப் போய், முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்ப்பான். தாமதமாக வருகிறவர்கள் அவனைப் பார்த்ததும் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "பஸ் லேட்டு சார்." அவன் ஏற்றுக்கொள்ள மாட்டான்.

கார்டு அக்காவை மட்டும் எழுந்து நின்று வரவேற்பான்.

ஆறு வருடமாக அவனை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "அவனுக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்பார்கள் எல்லோரும். அவளும் சொல்வாள்.

சலூன் செய்தி வந்த அதே வாரம், கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து காவலாளி ஒருவர் போன் செய்தார். சாக்கடைக்குப் போட வைத்திருந்த பெரிய குழாய் ஒன்றுக்குள் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது, திங்கட்கிழமை குழாயை மண்ணில் இறக்கப்போகிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்றார். டிரில் டீச்சர் கூண்டுகளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்திரண்டும் நிரம்பித்தான் இருந்தது.

"யாரையாவது அனுப்பணும் அக்கா. உடனே."

"யாரை டீச்சர்?"

"அதைத்தானே உங்ககிட்டக் கேட்கறேன். கார்டு எழுதறவங்க நீங்க."

போதாக்குறைக்கு அன்றைக்குப் பார்த்து காப்பகத்து கேட்டும் தண்டவாளத்தை விட்டு இறங்கி, பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டது. கார்டு அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலே கீழே போவதைச் சரிசெய்தவருக்கு இடம் வலமாகப் போவது பெரிய காரியமா என்று டிரில் டீச்சர் போனில் கேட்க, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் உள்ளே வந்தார். மூக்குக்கு இரண்டு முகமூடி, ஒன்றின் மேல் ஒன்று. கையில் கருவிப் பெட்டி.

கேட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறுவதற்கு அரைமணி நேரம் ஆகும் என்றார். அந்த அரைமணி நேரம் சும்மா இருக்கத் தெரியாமல் கூண்டு கூண்டாகப் போய்க் கார்டுகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"ஒன்பதாம் நம்பர். 'கடிப்பான். கையை முதலில் நீட்டாதீர்கள், அவனாக வரட்டும். நம்பிவிட்டால் உங்கள் காலடியிலேயே தூங்குவான்.' பலே. இவன்தானே அந்த மருந்துக்கடைக்காரர் கையில தையல் போட வெச்சவன்? மூணே வரியில முடிச்சிட்டியே." அடுத்து எட்டு. அடுத்து ஏழு.

ஏழில் நின்றுவிட்டார். படித்துக்கொண்டே இருந்தார். கார்டைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தார்.

"இது என்னது, நாயைப் பத்தின கார்டா? இல்ல, கல்யாணமான புதுசுல என்னைப் பத்தி உங்கம்மாவுக்கு எழுதின லெட்டரா?"

"என்ன எழுதியிருக்கு அதுல?" என்றாள் அவள் முற்றத்திலிருந்து, குழாயை மூடாமலே.

"செருப்பைக் கடிப்பான். குறட்டை விடுவான். குழந்தை அழுதால் கூடச் சேர்ந்து ஊளையிடுவான். தண்ணீரைக் கண்டால் ஓடுவான். விடியும் முன்னே குரைப்பான். தனியாக விட்டால் அழுவான்..." அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினாலு. கடிக்கிறவனுக்கு மூணு வரி. இந்த அப்பாவிக்குப் பதினாலா?"

"எல்லாம் உண்மைதான்."

"யாரு பொய்னு சொன்னது? என்னைப் பத்தி எழுதினதும் உண்மைதான்."

அவர் கேட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏழாம் கூண்டுக்கு வந்து, கார்டைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். ஆறு வருடமாகத் தினமும் பார்த்த கார்டு. ஆபீஸில் மனுவைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது அன்றுதான்.

முதல் மூன்று வரி நீல மையில் இருந்தது. 'செருப்பைக் கடிப்பான். உயரத்தில் வையுங்கள். நீங்கள் வரும்வரை வாசலில் காத்திருப்பான்.' அவ்வளவுதான். சட்டப்படி எழுதிய கார்டு.

அதற்குக் கீழே கறுப்பு மை. பிறகு வேறொரு நீலம், கொஞ்சம் வெளிறியது. சிவப்பு. பென்சில். கடைசியில் பச்சை. ஒரே கையெழுத்து, ஆறு பேனா. மேஜைக்கு இப்படி ஒரு காகிதம் வந்திருந்தால் அவள் படிக்கக்கூட மாட்டாள். 'பிற்சேர்க்கை, நம்பத்தக்கதல்ல' என்று ஓரத்தில் எழுதித் தள்ளிவிட்டிருப்பாள்.

ஒவ்வொரு மையும் எப்போது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பு, கைக்குழந்தையோடு வந்த தம்பதி இவன் முன்னால் பத்து நிமிடம் குந்தி உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் வருகிறோம் என்று போன அன்றைக்கு. மறுநாள் வந்தார்கள். ஊளை விஷயத்தைப் படித்தார்கள். ஒரு பூனையை எடுத்துக்கொண்டு போனார்கள். சிவப்பு, கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஏரிக்கரையில் வீடு வாங்கியிருந்தவர் வந்தபோது. தண்ணீரைக் கண்டால் ஓடுவான் என்பது குளிப்பாட்டுகிற குழாயை வைத்து எழுதியது. ஏரியை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

யாராவது அவனை விரும்ப ஆரம்பித்தால் ஒரு வரி. அவ்வளவுதான் கணக்கு.

மேனேஜர் கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். சலூன் பேச்சில் வந்த யாரோ ஒரு மச்சினன் இவளை ஒருதடவைகூடப் பார்க்காமல் கண்டுபிடித்துச் சொன்னதை, மனுவில் ஒரு கமா இடம் மாறினால்கூட எழுந்து உட்காருகிற இவள் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

பச்சை மை இரண்டு வருடம் முன்னால். பேக்கரிக்காரர்.

உயரமான மனிதர், புருவத்தில் மாவு. தங்கையோடு இருக்கிறார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து இரண்டு பேரும் கீழே இருக்கிற பேக்கரிக்கு இறங்கிவிடுவோம், ஆறு மணிக்கெல்லாம் ஒரு எட்டு வீட்டுக்கு ஏறி வந்துவிடுவேன், அப்புறம் பகல் முழுக்க வீடும் கடையும்தான் என்றார். விடியும் முன்னே குரைப்பான் என்று அவள் அழுத்திச் சொன்னதற்கு, "நல்லதுதான் மேடம், அலாரம் மிச்சம்" என்று சிரித்தார். அந்த ஆளுக்கு ஒரு குறையும் குறையாகப் படவில்லை. அப்போதுதான் அவள் பேனாவை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே, தனியாக விட்டால் அழுவான் என்று எழுதினாள். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "அந்த ரெண்டரை மணி நேரமும் அழுவானா?" என்று கேட்டார். "அழுவான்" என்றாள். அவர் கம்பி வழியாகக் கையை விட்டு மேனேஜரின் மடிந்த காதை ஒருதடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

டிரில் டீச்சரிடம் அவள் எதையும் விளக்கவில்லை. "ஏழுக்கு ஒருத்தர் இருக்காங்க. நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள். கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பேக்கரி இரண்டு பஸ் தள்ளி. முன்னால் கடை, பின்னால் அடுப்பு, மேலே வீடு. கல்லாவில் தங்கை. அண்ணன் பின்னாலிருந்து ரொட்டித் தட்டோடு வந்தவர் இவளைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"மாடிப்படி கேட்ட மேடம்தானே?"

"ஆமாங்க."

"பதினேழுன்னு சொன்னேன் அன்னைக்கு. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. தப்பாச் சொல்லிட்டோமேன்னு ஒரு மாசம் மனசு கேட்கல. வந்து சொல்லலாமான்னுகூட யோசிச்சேன்."

"யோசிச்சானா!" என்றாள் தங்கை கல்லாவிலிருந்து. "அந்த நாயைப் பார்த்துட்டு வந்த அந்த மாசம் பூரா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் என்னவோ பண்ணிட்டேன்னு நினைச்சுப் பயந்தே போயிட்டேன்."

இரண்டு படி குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று ஒரு மாதம் தூங்காத ஆள். அவரைத்தான் அவள் அந்த வரியை எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கார்டை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"அவன் ஒரே ஒரு தடவைதான் அழுதிருக்கான். பெயிண்ட் அடிக்கிறப்ப ஒரு ரூம்ல போட்டு நாள் பூரா அடைச்சு வெச்சிருந்தாங்க. அதை வெச்சு எப்பவும் அழுவான்னு உங்ககிட்டச் சொன்னேன். அது தப்பு."

"தெரியாமச் சொல்லியிருப்பீங்க."

"இல்லைங்க. தெரிஞ்சுதான்."

தங்கைதான் கேட்டாள், மூஞ்சியில் அடித்த மாதிரி: "ஏன்?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒழுங்கான பதில் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். பிராணியின் நலன், மாற்றத்தின் அதிர்ச்சி என்றெல்லாம். அது வாயில் வரவில்லை.

"அவன் போயிடக் கூடாதுன்னு" என்றாள்.

"அப்ப இன்னைக்கு மட்டும் என்னவாம்?"

"குட்டி போட்ட நாய் ஒண்ணு வெளியில இருக்கு. இடமில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "அது மட்டும் இல்லைங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே அவன் இங்க வந்திருக்கணும்."

பேக்கரிக்காரர் கார்டை எடுத்து மெதுவாகப் படித்தார். மாவு விரல் பட்டு ஓரத்தில் வெள்ளையாகியது. "வாசல்ல காத்திருப்பான்னு போட்டிருக்கே. இது எந்த மை?"

"முதல் மை. அது நிஜம்."

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வண்டி வந்தது. மேனேஜர் வண்டியின் பின்பக்கத்தை மோந்து பார்த்து, தட்டு தட்டாகப் பரிசோதித்து, திருப்தியாகி, ஏறி உட்கார்ந்தான். ஏற்ற வேண்டியே இருக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஒருதடவை பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டிரில் டீச்சர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

அன்று மாலையே குட்டி போட்ட நாய் வந்து சேர்ந்தது. ஆனால் ஏழாம் கூண்டுக்கு இல்லை. காப்பகத்தில் இன்னொரு சட்டம் உண்டு. அதுவும் அவள் போட்டதுதான். பிராணி வீட்டுக்குப் போன மூன்று நாள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன் செய்யக் கூடாது. பழகட்டும். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கார்டு அக்கா போன் செய்வாள். ஒத்துவரவில்லை என்றால் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அதுவரை அதன் கூண்டு காலியாகவே இருக்கும். ஆகவே தாயும் நாலு குட்டியும் காப்பகத்தின் ஒரே பாத்ரூமில் குடியேறினார்கள். தாய் யாரையும் கதவைத் தாண்ட விடவில்லை. காப்பகத்துக்காரர்கள் எல்லோரும் மூன்று நாளாக அவசரத்துக்குப் பஸ் டிப்போவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சட்டத்தால என் கிட்னி போயிடும் அக்கா" என்றார் டிரில் டீச்சர்.

வீட்டில் அவள் திங்கட்கிழமை சாதாரணமாகத்தான் இருந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து பார்த்தாள், அவ்வளவுதான். பத்தொன்பது படி. அவனுக்கு வயது எட்டோ ஒன்பதோ. இறங்கும்போது வலது பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும், அதைக் கார்டில் எழுதவே இல்லை. பதினாலு வரி எழுதியவள் வேண்டிய ஒன்றை எழுதவில்லை.

"நான் போய் ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்றார் கணவர் செவ்வாய்க்கிழமை.

"அந்தக் கடைக்குப் போகாதீங்க. சட்டம்."

"ஊர்ல வேற கடையே இல்லையா? சத்தியமா வேற கடை."

வேறு கடை ரொட்டியோடுதான் வந்தார். அதை மேஜையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மருந்துக்கடைக்காரர்கிட்டக் கேட்டேன். தும்மலுக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணு போட்டா நாள் பூரா தாங்குமாம்." அவளைப் பார்க்காமல் ரொட்டியை வெட்டினார். "ஒருவேளை அங்க ஒத்துவரலைன்னா, கூண்டுக்கு எதுக்கு? இங்கயே கூட்டிட்டு வா. எட்டுத் தும்மல் நாலா குறையாதா?"

முப்பது வருடத்தில் அந்த மனிதர் இவளை இப்படிக் கலங்கடித்ததில்லை. இவர் இதை ஆறு வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவளுக்குள் இரண்டு பேர். ஒருத்தி பேக்கரி மாடியில் ஒரு மூலையில் அவன் குறட்டை விட்டுத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இன்னொருத்தி ஒத்துவராமல் போகட்டும் என்று நினைத்தாள், நினைத்த சுவடு தெரியாமல்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு ஆபீஸ் அறையில் அழைப்புத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக அதே தாள்தான், இரண்டு பத்தி: 'இருக்கட்டும்', 'திரும்பட்டும்'. பேனாவைத் திறந்தாள். அழைத்தாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஐந்து பத்துக்கு மறுபடி. எடுக்கவில்லை.

எடுக்காத போனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். திருப்பித் தர நினைக்கிறவர்கள், எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு எடுக்க மாட்டார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போனவர்களும் எடுக்க மாட்டார்கள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு போனும் ஒரே மாதிரிதான் அடிக்கும்.

வாசலில் டிரில் டீச்சர் வந்து நின்றார். "என்னாச்சு?"

"எடுக்கல."

"எடுக்கறப்ப எடுக்கட்டும். பாத்ரூம்ல அந்தக் குட்டிங்களுக்குத் தரை சில்லுனு இருக்கு அக்கா. ரெண்டு நடுங்குது. ஏழைத் திறக்கட்டுமா?"

"பதில் வராமத் திறக்கக் கூடாது. நாளைக்கு இன்னொருத்தருக்கும் இதே பேச்சு வரும்."

"சரி, சட்டம் உங்களுது" என்றார் டீச்சர். ஆனால் போகவில்லை.

அவள் மூன்றாம் தடவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி அடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பாத்ரூம் பக்கமிருந்து ஒரு குட்டியின் சிணுங்கலும் கேட்டது. ஏழாம் கூண்டு இங்கிருந்தே தெரிந்தது. கழுவி, காய்ந்து, கதவு சாத்தி, கொக்கி காலியாக. மேனேஜர் திரும்பி வந்தால் அது அவனுக்கு இருக்க வேண்டும் என்றுதான் மூன்று நாளாக அப்படியே வைத்திருக்கிறாள். சட்டத்துக்காக என்று டீச்சரிடம் சொன்னாள். இதுவும் ஒரு பச்சை மை.

அவள் எழுந்தாள்.

"திறங்க டீச்சர்."

"அவன் வந்துட்டா?"

"வந்தா வந்தவனுக்கு இடம் பார்த்துக்கலாம். ஏழு இனிமே இவளுது. பழைய சாக்கை ரெண்டா மடிச்சுப் போடுங்க, வாய்க்கால் பக்கம் வேண்டாம், சுவரோரமா."

டீச்சர் இந்தத் தடவை விசிலை நிஜமாகவே ஊதினார். முற்றத்தில் இரண்டு பேர் ஓடினார்கள்.

மூன்றாம் தடவை அடித்ததும் ஓய்ந்தது. கார்டு அக்கா நாலாம் தடவை அழைத்துவிட்டு, புதுக் கார்டு ஒன்றை எடுத்து, ஒரே பேனாவால், நீல மையில் எழுத ஆரம்பித்தாள். 'குட்டிகளைத் தொட விடமாட்டாள்.' அடுத்த வரி. 'கதவருகே உட்கார்ந்து பேசுங்கள், அவசரம் வேண்டாம்.' மூன்றாவது வரியில் என்ன எழுதுவது என்று யோசித்தாள். இன்னும் அவளைப் பற்றித் தெரியாது. அந்த வரியைக் காலியாக விட்டு, மூடியைப் போடாமல் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மேஜைமேல் அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள்.

அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.